டேட்டா கேபிள் இருக்கா?

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்பு, வீட்டுக்கு வரும் உறவுக்காரப் பையன்கள் காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே கேட்பார்கள்: “மாமா, டேட்டா கேபிள் இருக்கா?” இருக்கிறது என்று சொன்னால் அடுத்து, “எந்த பின்னு?” இப்போது அந்தப் பையன்களின் தம்பிகள் வருகிறார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, “வைஃபை பாஸ்வேர்ட் என்ன மாமா?” என்கிறார்கள்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் என் மேசை இழுப்பறையில் சுருண்டு கிடக்கிறது. மொத்தம் 11 வயர். பட்டையான 30 பின் ஆப்பிள் வயர் ஒன்று, அதற்குப் பின் வந்த லைட்னிங் இரண்டு, மினி யூஎஸ்பி ஒன்று, மைக்ரோ யூஎஸ்பி மூன்று, டைப்-சி மூன்று. மிச்சமுள்ள ஒன்று எந்தப் போனோடு வந்தது என்று எனக்கே தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை அதையெல்லாம் ஒழித்துப்போடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றையும் போட மனம் வரவில்லை.

போனில் இருப்பது கணினியிலும், கணினியில் இருப்பது போனிலும் இருக்க வேண்டும். இதற்கு ‘ஒத்திசைவு’ என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. கடையில் போய் அதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை; எல்லோரையும் போல ‘சிங்க்’ என்றே சொல்லிவிடுகிறேன்.

சிங்க் என்ற சொல்லைப் பலருக்கும் பழக்கியது போன்கூட இல்லை. 1996-இல் அமெரிக்காவில் வந்த ‘பாம் பைலட்’ என்ற உள்ளங்கைக் கருவி அது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து அதில் குறிப்பதுபோல் பாவனை செய்வாராம். அந்தக் கருவியோடு ஒரு தொட்டில் வந்தது. தொட்டிலின் வயர் கணினியின் பின்புறம் சீரியல் போர்ட்டில் போய்ச் சேரும். கருவியைத் தொட்டிலில் உட்காரவைத்து அதிலுள்ள ஒற்றைப் பொத்தானை அழுத்தினால் போதும். முகவரிகளும் சந்திப்புகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாகிவிடும்.

உள்ளே நடந்தது எளிய கணக்குதான். நீங்கள் மாற்றிய ஒவ்வொரு முகவரியின் தலையிலும் கருவி ஒரு சிறு அடையாளம் போட்டு வைக்கும். அழுத்தியதும் அடையாளம் உள்ளவை மட்டும் வயர் ஏறும். ஒரே முகவரியை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால், எது சரி என்று அது தீர்ப்புச் சொல்லாது, இரண்டையும் வைத்துவிடும். நீங்களே பார்த்து ஒன்றை அழித்துக்கொள்ள வேண்டியதுதான். இதைக் குறை என்று அன்று சொன்னார்கள். இப்போது யோசித்தால் அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம்மூருக்கு இந்த விவகாரம் வந்துசேர்ந்தது நோக்கியா வழியாக. 2003-இல் வெளியான 6600, கேமராவும் ப்ளூடூத்தும் இன்ஃப்ராரெட்டும் கொண்ட குண்டு போன், கையில் இருந்தால் தெருவில் தனி மரியாதை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையே வந்துவிட்டது. 2014-இல் மூடும்வரை நோக்கியா எங்களுக்குக் கிட்டத்தட்ட உள்ளூர்ச் சரக்கு. ஆனால் டேட்டா கேபிள் எல்லா மாடலோடும் பெட்டியில் வராது. தனியாக வாங்க வேண்டும். ஒரிஜினல் விலை கேட்டால் தலை சுற்றும். சென்னை ரிச்சி தெருவில் பாதி விலைக்குக் கிடைப்பது சிலசமயம் வேலை செய்யும்.

வயர் கிடைத்துவிட்டால் போதாது. அதற்கு டிரைவர் வேண்டும். டிரைவர் இருக்கும் சிடி கீறல் விழாமல் இருக்க வேண்டும். சிடியைப் போட்டு நிறுவும் முன் வயரைச் செருகிவிட்டால் கணினி ‘இன்னதென்று தெரியவில்லை’ என்று முறுக்கிக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. என் முதல் முயற்சி ஒரு சனிக்கிழமை மதியம் தொடங்கி இரவு சாப்பாட்டைத் தாண்டியது. முடிவில் 140 போன் எண்கள் கணினிக்குப் போயின. அடுத்த வாரம் மறுபடி செருகியபோது அவை 280 ஆகத் திரும்பி வந்தன. ‘அண்ணா வீடு’ இரண்டு, ‘கேஸ் புக்கிங்’ இரண்டு, ‘பிளம்பர் புதுசு’ இரண்டு. அந்த மென்பொருளின் பெயரைச் சொல்லிப் பழிவாங்குவதில் இப்போது பயனில்லை.

வயர் இல்லாதவர்களுக்கு இன்ஃப்ராரெட் இருந்தது. டிவி ரிமோட்டில் இருக்கும் அதே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். போனின் தலையையும் மடிக்கணினியின் விளிம்பையும் நேருக்கு நேர் வைத்து, நடுவில் ஈகூடப் பறக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் போன்களில் அதிகமாக இருந்த வகைக்கு விநாடிக்கு 115 கிலோபிட் வேகம். 4 எம்பி பாட்டு ஒன்று போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆகிவிடும். அதாவது பாட்டைப் பாடி முடிக்கிற நேரம்!

பிறகு ப்ளூடூத் பரவலானது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனம் 1994-இல் தொடங்கிய வேலை அது. பழைய சீரியல் வயரைத் தூக்கிப்போட ஒரு மாற்று வேண்டும் என்பதே நோக்கம். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹெரால்டின் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். தொடக்க கால ப்ளூடூத்தில் கோப்பு போகும் வேகம் விநாடிக்கு 700 கிலோபிட் சொச்சம். இன்ஃப்ராரெட்டைவிட ஆறு மடங்கு. நேருக்கு நேர் நிறுத்தவும் வேண்டாம். கல்லூரி பஸ்ஸின் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு ரிங்டோன் பறந்தது. கூடவே வில்லங்கமும் பறந்தது. 2004-இல் தலைகாட்டிய ‘கேபிர்’ என்ற கிருமி, ப்ளூடூத்தைத் திறந்து வைத்திருந்த சிம்பியன் இயங்குதளப் போன்களைத் தேடித் தேடி ஒட்டிக்கொண்டது.

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் சிங்க் நடந்தது வயரிலும் இல்லை, காற்றிலும் இல்லை. கடையில் நடந்தது. ‘பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்ட செல்போன் கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. பேட்டரியைக் கழற்றி, அதனடியில் இருக்கும் மெமரி கார்டை நகத்தால் நெம்பி எடுத்துக் கொடுத்தால், கடைக்காரர் கார்டு ரீடரில் செருகி, “என்ன வேணும்ணே?” என்பார். அவர் கணினியில் உலகமே அடுக்கப்பட்டிருக்கும்: இளையராஜா சோகம், இளையராஜா ஜாலி, ரஹ்மான், பக்தி, கானா, கிராமிய மணம். ‘எல்லாத்துலயும் கொஞ்சம்’ என்று ஒரு கோப்புறையும் இருந்தது, அவசரக்காரர்களுக்கு அது. காப்புரிமை என்ற சொல்லை அந்தக் கடைகளில் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. வீட்டில் கணினியே இல்லாத லட்சக்கணக்கானவர்களுக்குக் கடைக்காரரின் கணினிதான் அந்தப் பக்கம் இருந்த மறுமுனை. இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிடுகிறார்கள்.

இதே நேரத்தில் வசதியானவர்கள் வேறொரு வயரில் கட்டுண்டிருந்தார்கள். 2007-இல் வந்த முதல் ஐபோனைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பேசிவிட முடியாது. கணினியில் ஐடியூன்ஸ் என்ற நிரலைத் திறந்து, வயரைச் செருகி, அங்கே பதிவு செய்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். ஒரு போன் ஒரு கணினிக்கே வாழ்க்கைப்பட்டது. நண்பர் வீட்டுக் கணினியில் செருகி நாலு பாட்டு ஏற்றப் பார்த்தால், ‘உன் போனில் இருப்பதை அழித்துவிட்டு இங்கே இருப்பதை ஏற்றட்டுமா?’ என்று கேட்கும். கேள்வியை முழுதாகப் படிக்காமல் சரி என்று அழுத்தியவர்கள் எத்தனை பேரோ.

இந்த வயரை அறுக்க முதலில் கத்தி எடுத்தவர் ஒரு கல்லூரி மாணவர். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கிரெக் ஹியூஸ், ஐபோனை வைஃபை வழியாக ஐடியூன்ஸோடு இணைக்கும் செயலி ஒன்றை எழுதி 2010-இல் ஆப்பிளுக்கு அனுப்பினார். நிறுவனம் ஏற்கவில்லை. அவர் அதை சிடியா என்ற புறக்கடையில் விற்றார், அமோகமாக விற்றது. மறு வருடம் ஜூன் மாதம் ஆப்பிள் தானே வைஃபை சிங்க் தரப்போவதாக அறிவித்தது. செயலியின் சின்னமும் ஏறக்குறைய அந்த மாணவர் போட்டிருந்தது போலவே இருந்தது என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின.

2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5-உடன் அந்த வசதி வந்தது. எப்படி வந்தது என்று பாருங்கள்: வயரில்லாமல் சிங்க் செய்யச் சம்மதம் தெரிவிக்க முதலில் ஒருமுறை வயரைச் செருக வேண்டும். அதற்குப் பிறகும், போன் தானாகச் சிங்க் ஆக வேண்டுமானால் அது சார்ஜரில் மாட்டியிருக்க வேண்டும். வயர் போகவில்லை, கணினியிலிருந்து சுவருக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

ஆண்ட்ராய்டு இந்தக் கதைக்குள் வரவே இல்லை. 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனோடு கணினியில் நிறுவ வேண்டிய நிரல் எதுவும் கிடையாது. கூகுள் கணக்கைக் கொடு, எண்கள் தானாக இறங்கும் என்றது. என் 280 எண்களின் தலைவலி அன்றே தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் படங்களுக்கும் பாட்டுக்கும் பல வருடம் வயரே கதி. காரணம் இணையத்தின் விலை. அளந்து அளந்து டேட்டா வாங்கிய காலத்தில் யாராவது 200 படங்களைக் காற்றில் அனுப்புவார்களா? 2015-இல் கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசம் என்று வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒன்று இடத்தை இலவசமாக்கியது, மற்றது வழியை. பாட்டு ஏற்றித் தந்த அண்ணன், அட்டையைக் கழற்றிவிட்டு ‘இங்கு டெம்பர் கிளாஸ் ஒட்டித் தரப்படும்’ என்று மாட்டினார். 2021 ஜூன் 1 முதல் அந்த இலவச இடமும் 15 ஜிபியோடு நின்றது. அதற்குள் நாம் வயரை மறந்திருந்தோம்.

நடுவில் ஷேர்இட், எக்ஸெண்டர் என்று இரண்டு செயலிகள் கொடிகட்டிப் பறந்தன. ஒரு போன் தானே ஹாட்ஸ்பாட்டாக மாறி இன்னொன்றையோ கணினியையோ நேராகப் பிடித்துக்கொள்ளும். இணையம் தேவையில்லை, டேட்டா செலவில்லை. முழுப் படமே நிமிடங்களில் போகும். சீனாவுடனான கல்வான் மோதலை அடுத்து 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் இரண்டும் அடக்கம்.

இன்று நம்மவர்கள் போனிலிருந்து கணினிக்கு எதை அனுப்பவும் பயன்படுத்துவது எது என்று கேட்டால், என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேர் வாட்ஸப் என்பார்கள். 2015 ஜனவரியில் வாட்ஸப் வெப் வந்ததிலிருந்து இந்தப் பழக்கம். தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, அந்தப் பக்கம் இறக்கிக்கொள்வது. எங்கள் தெரு முனை ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடம் கேளுங்கள், அதன் லட்சணத்தைச் சொல்வார். “சார், வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாதீங்க, பேனர்ல மூஞ்சி கலங்கிடும். டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லேன்னா வயரக் கொண்டாங்க.” படமாக அனுப்பினால் வாட்ஸப் அதைச் சுருக்கிவிடும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

வேகத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். போனில் 60 ஜிபி படமும் வீடியோவும் இருக்கின்றன. பழைய யூஎஸ்பி 2.0 வயரில் நிஜமாகக் கிடைக்கும் வேகம் விநாடிக்கு 35 எம்பி என்று வைத்தாலும் அரை மணி நேரத்தில் வேலை முடியும். அதையே மேகத்துக்கு ஏற்றுவோம். வீட்டு பிராட்பேண்டில் மேலே ஏறும் வேகம் 40 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 5 எம்பி. மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல். அதோடு முடிந்ததா? ஏறியது கணினிக்கு இறங்கவும் வேண்டும். ஒரு முழம் தள்ளி இருக்கும் கணினிக்குப் போக, படம் எங்கோ ஒரு தரவு மையத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. ஏர்டிராப், குவிக் ஷேர் போன்றவை இந்தப் பிரதட்சணத்தைத் தவிர்த்து நேராகக் கொடுக்கின்றன. பத்திருபது படங்களுக்கு அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை. ஒரு வருடப் படங்களை ஒரே மூச்சில் அனுப்பினால்தான் பாதியில் திணறும்.

அப்படியிருந்தும் காற்று ஜெயித்ததற்கு வேகம் காரணமில்லை. மறதிதான் காரணம். வயர் இருந்த காலத்தில் சிங்க் என்பது நாம் செய்ய வேண்டிய ஒரு வேலை. நாளைக்குச் செய்யலாம் என்று தள்ளித் தள்ளி, போன் கிணற்றில் விழுந்த அன்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேர். இப்போது நாம் தூங்கும்போது அது தானாக நடக்கிறது. இதற்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் நாம் பார்க்காமல் சேர்க்கிற கை, நாம் பார்க்காமல் எடுக்கவும் செய்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து சித்தி போன வருடம் பதறிப்போய்க் கூப்பிட்டாள். “டேய், போன்ல இடமில்லைன்னு வந்துச்சுடா. சித்தப்பாவோட அறுபதாங் கல்யாண போட்டோவெல்லாம்தான் கம்ப்யூட்டர்ல இருக்கேன்னு போன்ல அழிச்சேன். இப்ப கம்ப்யூட்டர்லயும் காணோம்!”

“எப்ப சித்தி அழிச்சீங்க?”

“போன வெள்ளிக்கிழமை. சுத்தமா போயிருச்சா?”

போகவில்லை. படங்கள் ஏறியிருந்த மேகச் சேவையின் குப்பைத்தொட்டியில் நாள் மிச்சமிருந்தது, திரும்ப எடுத்துவிட்டோம். ஆனால் சித்தி செய்ததில் என்ன தப்பு? வயர் காலத்து அறிவு அது. அங்கே ஒரு பிரதி இருக்கிறது, இங்கே அழிக்கலாம். அன்று அது சரி. இன்று போனில் தெரிவதும் கணினியில் தெரிவதும் ஒரே படத்துக்கான இரண்டு ஜன்னல்கள். சிங்க் வேறு, பேக்கப் வேறு. சிங்க் அழிப்பதையும் விசுவாசமாகச் சிங்க் செய்யும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரியவைக்க எந்தத் திரையும் மெனக்கெடுவதில்லை. ‘எல்லாக் கருவிகளிலும் அழியும்’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரும். கண்ணாடியைத் தேடுவதற்குள் விரல் அழுத்திவிடும்.

அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் வயரைத் தேடுகிறேன். அங்கே வேறொரு வேடிக்கை. போனைச் செருகினால் சார்ஜ் ஏறும். கணினியில் ஒன்றும் தெரியாது. போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், செருகியவுடன் ‘சார்ஜ் மட்டும்’ என்றே போன் நினைத்துக்கொள்ளும். மேலிருந்து திரையை இழுத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்ற வேண்டும். ஐபோன் 2013 முதல் ‘இந்தக் கணினியை நம்பலாமா?’ என்று கேட்கிறது. பொது இடத்தில் சார்ஜ் போடும் சாக்கில் தகவலைத் திருடலாம் என்று ஆய்வாளர்கள் செய்து காட்டியதன் பலன் இந்தக் காவல்.

அதைத் தாண்டியும் தெரியவில்லை என்றால் வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும். சாதாரண யூஎஸ்பி வயருக்குள் நான்கு கம்பிகள்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. மலிவு வயர்கள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. எல்லா போனுக்கும் ஒரே டைப்-சி என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, 2024 டிசம்பர் 28 முதல் அது அமலுக்கும் வந்துவிட்டது. “எந்த பின்னு?” என்ற கேள்வி ஒருவழியாகச் செத்தது. ஆனால் முனை ஒன்றானதே தவிர, உள்ளே ஓடும் வேகம் ஒன்றாகவில்லை. 2023-இல் வந்த ஐபோன் 15 ப்ரோ விநாடிக்கு 10 ஜிகாபிட் வேகத்தில் தகவல் தரும். அதன் பெட்டிக்குள் வைத்த வயரோ 480 மெகாபிட் வயர், 2000-ஆம் ஆண்டில் வகுத்த யூஎஸ்பி 2.0 வேகம். அத்தனை விலை கொடுத்த பிறகும் வேகமான வயரைத் தனியாக வாங்கு என்கிறார்கள். ரிச்சி தெரு ஞாபகம் வருகிறதா?

ஞாயிற்றுக்கிழமை ஒழிக்க உட்கார்ந்தவன், கடைசியில் 11 வயரையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தேன். ஆறில் தகவல் ஓடுகிறது. நான்கில் சார்ஜ் மட்டும். இன்னொன்றைச் செருகிப் பார்க்க அதற்கேற்ற போன் இல்லை. ஆறுக்கும் முனையில் சிவப்பு நூல் கட்டி, இழுப்பறையின் முன்பக்கம் வைத்திருக்கிறேன்.